குறைஞ்ச விலைக்கு ஃபோர் வீல் ஜீப் வருது, எஞ்சின்ல வேலை இருக்கு – குழு வாங்கலாமா?



மலைக் கிராமத்துக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கு இந்த இதழில் விளக்கம் எழுதுகிறேன். "மேடம், ஃபோர் வீல் ஜீப் ஒண்ணு சல்லிசா வருது. எஞ்சின்ல கொஞ்சம் வேலை இருக்காம். குழுக் கடன்ல எடுத்துப் போடலாமா?" இதுதான் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். கொல்லிமலையில் மிளகும் பலாவும் அன்னாசியும் விளைகிறது. ஜவ்வாது மலையில் சாமை, புளி, தேன் கிடைக்கிறது. போடி மலையில் காபி, ஏலக்காய், இலவம் பஞ்சு. விளைச்சல் நம்முடையது. ஆனால் மெயின் ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில், சரக்கைக் கீழே இறக்க வண்டி வேறொருவர் கையில் இருக்கிறது. வண்டி வராத அன்று, வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதுதான் விலை. பிரசவ வலி எடுத்தாலும் அதே வண்டிக்காரருக்குத்தான் போன் போட வேண்டும். நமக்கென்று ஒரு ஜீப் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுவது இயற்கை.

ஆனால் பதினைந்து பேர் சேமிப்பும், எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனும் ஒரே பொருளில் போய் முடங்கினால், அந்தக் குழு எழுந்து நிற்கப் பல வருஷம் ஆகும். அதனால் நிதானமாகப் பார்ப்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் கோளாறு என்பதற்காக மட்டும் ஒரு வண்டியை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. எஞ்சினைக் காசு போட்டுச் சரி பண்ண முடியும். காசு போட்டாலும் சரி பண்ண முடியாதது இரண்டு உண்டு. ஒன்று கெட்டுப்போன சேஸிஸ், இன்னொன்று கோளாறான ஆர்.சி. புக். நம் பெண்கள் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள், இந்த இரண்டையும் கேட்பதில்லை.

நமக்கு ஃபோர் வீல் தேவைதானா?

சாதாரண ஜீப்பில் எஞ்சின் சக்தி பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் போகும். சேற்றில் பின் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றால் வண்டி நகராது. ஃபோர் வீல் ஜீப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கும். அதற்கான லீவரைப் போட்டால் முன் சக்கரங்களுக்கும் சக்தி போகும். மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு ஏறுவதற்கு 'லோ' கியரும் அதிலேயே இருக்கும். சேறு, ஓடைக் கல், செங்குத்து ஏற்றம் இதற்கெல்லாம் இது உதவும்.

இதற்கு விலையும் உண்டு. உறுப்புகள் கூடுதல், எடை கூடுதல், டீசல் கூடுதல், ரிப்பேரும் கூடுதல். ஊர் வரைக்கும் தார் ரோடோ சிமெண்ட் ரோடோ வந்துவிட்டது, மழைக்காலத்தில் நாலைந்து நாள்தான் சிரமம் என்றால், சாதாரண பிக்கப் வண்டி போதும். வருஷத்தில் எத்தனை நாள் ஃபோர் வீல் இல்லாமல் ஊருக்குள் வண்டி வர முடியாது என்பதைக் கூட்டத்தில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். முப்பது, நாற்பது நாளாவது வந்தால் மேலே படியுங்கள்.

மாடு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வண்டி பார்க்கத் தெரியும்

"வண்டி விஷயம் நமக்கென்ன தெரியும், ஆம்பளைங்க பார்த்துக்கட்டும்" என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கறவை மாடு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். எத்தனையாவது ஈத்து என்று கேட்கிறோம். காலையும் மாலையும் நாமே கறந்து பார்க்கிறோம். ஒரு வேளை கறக்காமல் மடி கட்டி வைத்துச் சந்தைக்கு ஓட்டி வந்திருந்தால், தொட்டுப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறோம். ஜீப்பும் அப்படித்தான். மெக்கானிக் கட்டாயம் வேண்டும். ஆனால் அவருக்கு முன்னால் நாமே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது.

காலையில், முன்னறிவிப்பு அதிகம் கொடுக்காமல் போங்கள். போனவுடன் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருக்கிறார்கள். மடி கட்டின மாடு மாதிரிதான் இது. தேய்ந்துபோன டீசல் எஞ்சின் சூட்டில் நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்திருக்கும்போதுதான் அதன் நிஜம் தெரியும். "ஆறட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லி உட்காருங்கள். இறக்கத்தில் நிறுத்தி வைத்து, உருட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சமதளத்தில், சாவி போட்டு ஸ்டார்ட் ஆக வேண்டும்.

புகை என்ன நிறம்?

கறுப்புப் புகை: டீசல் முழுவதும் எரியவில்லை என்று அர்த்தம். காற்று ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம், பம்ப் சரியில்லாமல் இருக்கலாம். ஃபில்டரும் நாசிலும் என்றால் பெரும்பாலும் கைக்கு அடங்கின செலவு. பம்ப் என்றால் கொஞ்சம் கூடும்.

நீலப் புகை: எஞ்சின் ஆயில் உள்ளே எரிகிறது. பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். வால்வு பக்கமிருந்தும் ஆயில் இறங்கலாம். ரிங், லைனர் என்றால் எஞ்சினை இறக்கிக் கட்ட வேண்டும். பெரிய செலவு.

வெள்ளைப் புகை: குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்ச நேரம் வந்து நின்றால் பயமில்லை. சூடான பிறகும் விடாமல் வந்தால் கவனம். தண்ணீர் உள்ளே இறங்கலாம், அதாவது ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம் அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கலாம். கம்ப்ரஷன் குறைந்து டீசல் எரியாமலும் வெள்ளையாக வரும்.

இன்னும் நாலு சோதனை

ஒன்று. எஞ்சின் ஓடும்போது, மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த வாய் வழியாகப் புகை குபுகுபு என்று தள்ளினால், மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்வார்கள். ரிங் தேய்ந்து, வெடிக்கும் காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். லேசாக ஆவி வந்தால் பழைய எஞ்சினுக்கு அது சகஜம்.

இரண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த மூடியின் உள்பக்கத்தையும் ஆயில் கம்பியையும் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

மூன்று. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறந்து, பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நான்கு. நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது, அடியிலிருந்து 'டக் டக்' என்று கனமான சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். முள் கீழே விழுந்து சத்தமும் வந்தால் கிராங்க், பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சத்தத்தையும் புகையையும் மறைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றி வைப்பவர்களும் உண்டு. அதனால் அரை மணி நேரமாவது ஓடவிட்டு, பாரத்தோடு ஒரு ஏற்றம் ஏற்றிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மெக்கானிக் யாருடைய ஆள்?

விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக் சொல்வது நமக்கு உதவாது. வண்டி கைமாறினால் அவருக்குக் கமிஷன் கிடைக்கலாம். நமக்கு அறிமுகமான, இதே மாதிரி ஜீப்பில் வேலை செய்யும் மெக்கானிக்கை, கூலி பேசி நாமே அழைத்துப் போக வேண்டும். ஆயிரமோ ரெண்டாயிரமோ கேட்டால் கொடுங்கள். லட்ச ரூபாயைக் காப்பாற்றும் செலவு அது. ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும்.

பார்த்த பிறகு அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கோளாறு என்ன? சரி பண்ண எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும்? திறந்து பார்த்த பிறகு இன்னும் மோசமாக இருந்தால் அதிகபட்சம் எவ்வளவு வரை போகும்? மூன்றுக்கும் பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். மூன்றாவது கேள்வி முக்கியம். எஞ்சினை இறக்கி லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றுவது என்று ஆரம்பித்தால், கிராங்கை லேத்துக்கு அனுப்பணும், ஹெட்டில் விரிசல் இருக்கு, பம்பையும் பார்த்துடலாம் என்று நீண்டுகொண்டே போகும். எஞ்சின் பிரித்துப் போட்டுக் கிடக்கும்போது நம்மால் பேரம் பேசவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

உதிரிபாகம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நம் மலைகளில் ஓடும் மஹிந்திரா மேஜர், எம்.எம். 540, மாருதி ஜிப்சி போன்றவை இப்போது புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. பக்கத்து டவுனில் சாமான் கிடைக்கும் மாடலாகப் பார்க்க வேண்டும். "வண்டி செட்ல நிக்குது, சாமான் வரலை" என்று ஒரு சீசன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எஞ்சினைத் தாண்டிப் பாருங்கள்

ஒரே பேர் உள்ள ஜீப்பே டூ வீல், ஃபோர் வீல் என்று இரண்டு விதமாக வந்திருக்கிறது. முன்பக்கம் குனிந்து அடியில் பாருங்கள். பின்பக்கம் இருப்பது போலவே முன் ஆக்சிலிலும் பூசணிக்காய் மாதிரி உருண்டை இருக்க வேண்டும். அதற்கு ஒரு சுழலும் தண்டு போய்ச் சேர வேண்டும். சில வண்டிகளில் டீசல் மிச்சம் என்று அந்தத் தண்டையே கழற்றிப் போட்டிருப்பார்கள். லீவர் இருக்கும், முன் சக்கரம் இழுக்காது. ஃபோர் வீல் என்று பேர் சொல்லி விலை கேட்பார்கள்.

மண் தரையில் லீவரைப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் உள்ளே இறுகி உறுப்பு உடையும். எனவே இந்தச் சோதனை மண்ணிலோ சேற்றிலோ மட்டும். பிரேக், ஸ்டீயரிங் ஆட்டம் இரண்டையும் மெக்கானிக் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு இறங்கும் வண்டிக்கு எஞ்சினை விடப் பிரேக்தான் உயிர்.

பிறகு சேஸிஸ். வண்டியின் நீளத்துக்கு ஓடும் இரண்டு இரும்புச் சட்டம்தான் அது. துரு தின்று ஓட்டை விழுந்திருக்கிறதா, வெட்டி ஒட்டின வெல்டிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதுசாகத் தார் மாதிரி கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். சேஸிஸ் போன வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புக் சரியில்லை என்றால் பேச்சே வேண்டாம்

ஆர்.சி. புக்கில் இருக்கும் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாகப் பொருந்த வேண்டும். எஞ்சினை மாற்றியிருந்தால் அது ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவாகி இருக்க வேண்டும். இரண்டு மூன்று பழைய ஜீப்பைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்துக் கட்டின வண்டிகள் மலைப்பக்கம் உலவுகின்றன. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் என்றால் ஏலச் சீட்டும் முறையான பதிவும் இருக்க வேண்டும்.

இப்போது வண்டி நம்பரை வைத்து போனிலேயே பல விவரம் பார்க்கலாம். எம்-பரிவாகன் என்ற அரசாங்கச் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, எஃப்.சி. இருக்கிறதா என்று காட்டும். குழுவில் யார் வீட்டுப் பிள்ளையாவது ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும். கட்டாத அபராதம் ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டினவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் பழைய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. சல்லிசாக வரும் ஜீப் பெரும்பாலும் இந்த வயதில்தான் இருக்கும். வாடகை வண்டியாகப் பதிவானது என்றால், எட்டு வருஷம் தாண்டிய பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும்.

வண்டி மேல் பைனான்ஸ் பாக்கி இருந்தால் ஆர்.சி.யிலேயே அந்தக் கம்பெனி பேர் இருக்கும். கடன் முடிந்தது என்ற கடிதமும் 35-ஆம் நம்பர் படிவமும் கையில் வராமல் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்ற 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் விற்பவர் கையெழுத்து வேண்டும். கேரளா, கர்நாடகா நம்பர் வண்டி எல்லைப்பக்கத்தில் மலிவாக வரும். அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்றும், இங்கே மறுபடி வரியும் சேரும். அந்த மலிவு அதிலேயே கரைந்துவிடும்.

"பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று இழுக்கும் ஆளிடம் வாங்காதீர்கள். சட்டத்தின் கண்ணில், பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விபத்து நஷ்ட ஈட்டிலும் அப்படித்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நாம் பணம் கொடுத்தும் வண்டி அவர் பேரில் இருந்தால், அவருடைய கடனுக்காகக்கூட வண்டி போக வாய்ப்பு உண்டு.

வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு

இதை ஒவ்வொரு உறுப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை போர்டு ஜீப் சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதில் காசு வாங்கிக்கொண்டு ஆளோ சரக்கோ ஏற்றக் கூடாது. வாடகைக்கு ஓட்டி வருமானம் பார்ப்பதுதான் நம் திட்டம் என்றால், வாடகை வண்டியாகப் பதிவு, அதற்கான இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் இந்த வண்டியை அப்படி மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது இல்லாமல் ஒருவர் அடிபட்டால், கோர்ட் சொல்லும் நஷ்ட ஈட்டை உரிமையாளர் கையிலிருந்து கட்ட வேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. சரக்கின் சொந்தக்காரர் சரக்கோடு வரலாம். ஆனால் நூறு நாள் வேலைக்கும் சந்தைக்கும் இருபது பேர் சரக்கு வண்டி பின்னால் நின்று போகிறோமே, அதற்குப் பாதுகாப்பு கிடையாது. நம் குழு வண்டியில் நம் பெண்களே விழுந்து அடிபட்டால், நஷ்ட ஈடு கேட்பதும் நாமே, கொடுக்க வேண்டியதும் நாமே.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

கீழே இருப்பது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. உங்கள் ஊர்த் தொகையை வைத்து நீங்களே மாற்றிப் போடுங்கள்.

எஞ்சின் கோளாறுள்ள ஜீப்:
கேட்கும் விலை – ரூ. 1,40,000
எஞ்சின் வேலை, மெக்கானிக் எழுதிக் கொடுத்தது – ரூ. 75,000
டயர், பேட்டரி – ரூ. 30,000
திறந்த பிறகு கூடக்கூடியது – ரூ. 25,000
மொத்தம் – ரூ. 2,70,000

இதே மாடல், ஓடுகிற நிலையில் உள்ள ஜீப் 2,70,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். இரண்டும் ஒரே விலை! முதல் ஜீப் இரண்டு மாதம் செட்டில் நிற்கும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் இரண்டு மாதத்துக்கு 5,400 ரூபாய் ஓடாத வண்டிக்குக் கட்ட வேண்டும். அந்த இரண்டு மாதமும் சரக்குக்கு வாடகை வண்டியும் பிடிக்க வேண்டும். அப்படியானால் மலிவு எங்கே இருக்கிறது?

எனவே பேரம் பேசும் முறை இதுதான். ஓடுகிற வண்டியின் விலையிலிருந்து ஆரம்பியுங்கள். ரிப்பேர், டயர், திறந்த பிறகு கூடக்கூடியது எல்லாவற்றையும் கழியுங்கள். நம் அலைச்சலுக்கும் பயத்துக்கும் இன்னொரு முப்பது, நாற்பதாயிரம் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நாம் கொடுக்கக்கூடிய விலை. இந்தக் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. "ஒன்று நாற்பதுதான்" என்று விற்பவர் நின்றால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

இன்னொரு கணக்கு, வண்டி நமக்குக் கட்டுப்படியாகுமா என்பது. வாடகை ஜீப் ஒரு நடைக்கு 1,800 ரூபாய் என்று வையுங்கள். சொந்த ஜீப்பில் ஒரு நடைக்கு டீசல் 600, டிரைவர் 500, ஆக 1,100. ஒரு நடைக்கு மிச்சம் 700. ஓடினாலும் நின்றாலும் வருஷத்துக்கு வரும் செலவு: இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. 25,000, ரிப்பேர், டயர் 30,000, முதல் வருஷ வட்டி சுமார் 32,400. ஐந்து வருஷத்தில் அடைக்க அசல் வருஷத்துக்கு 54,000. மொத்தம் 1,41,400. இதை 700-ஆல் வகுத்தால் 202 நடை.

அதாவது வாரத்துக்கு நாலு நடைக்குக் குறையாமல் வருஷம் முழுக்க ஓடினால்தான் வாடகை வண்டிக்கும் சொந்த வண்டிக்கும் சமமாகும். அதற்கு மேல் ஓடுவதுதான் லாபம். சீசனில் மட்டும் எண்பது நடை போகும் குழுவுக்குச் சொந்த ஜீப் கட்டாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அல்லாடுகிற கதையாகிவிடும். அந்தக் குழு, பக்கத்தில் இருக்கும் மூன்று நாலு குழுக்களோடு சேர்ந்து, ஒரு வண்டிக்காரரிடம் சீசன் முழுக்க ஒரே வாடகை என்று எழுதிப் பேசினால் அதிலேயே நல்ல மிச்சம் பார்க்கலாம். எல்லோர் சரக்கையும் சேர்த்தால் 200 நடைக்கு மேல் வருகிறது என்றால், அப்போது ஜீப் வாங்குவதைக் கூட்டமைப்பில் பேசலாம்.

கூட்டத்தில் முடிவு எடுக்கும்போது

ஜீப் பெரும்பாலும் வெளியாளிடமிருந்து வருவதில்லை. ஒரு உறுப்பினரின் கொழுந்தனார், ஊக்குநரின் அண்ணன், ஊர்ப் பெரியவரின் மருமகன் என்று தெரிந்தவர் வழியாகத்தான் வரும். அதனால்தான் வாய் திறந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது. விற்பவரின் உறவுக்கார உறுப்பினர் அந்த முடிவு எடுக்கும்போது ஒதுங்கி இருப்பது என்று குழுவில் வழக்கமாக வையுங்கள். அவர் மேல் சந்தேகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாளைக்கு வண்டி நின்றால் பழி அவர் தலையில் விழாமல் இருக்க இது அவருக்கும் நல்லது.

மெக்கானிக் தாள், ஆர்.சி. விவரம், இரண்டு கணக்கு, இவை நான்கும் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியம்மாவும் ஒரு பங்குக்காரர்தான். அவருக்கும் புரிந்த பிறகே தீர்மான நோட்டில் கையெழுத்து, கைநாட்டு. "அட்வான்ஸ் இன்னைக்கே குடுக்கணும், வேற ஆள் வந்து நிக்கிறாங்க" என்று அவசரப்படுத்தினால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்தால், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், பெயர் மாற்றிக் கொடுக்கும் தேதி எல்லாம் எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். பெரிய தொகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள்.

ஆர்.சி. யார் பேரில் என்பதையும் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பதிவு பெற்ற கூட்டமைப்பின் பேரில் எடுக்க முடியுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள். ஒரு உறுப்பினர் பேரில்தான் எடுக்க வேண்டும் என்றால், வண்டி குழுவுக்குச் சொந்தம், விற்றாலும் விபத்து நடந்தாலும் யார் பொறுப்பு என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். "எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கட்டும், அவர்தானே ஓட்டப் போறார்" என்று வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடன் பெண்கள் தலையிலும் வண்டி ஆண்கள் பேரிலும் இருந்தால், பிறகு ஒரு மூட்டை மிளகு ஏற்றவும் நாம் அவரைக் கெஞ்ச வேண்டும். ஓட்டுபவருக்குச் சம்பளம் பேசுங்கள், நடைக் கணக்கு நோட்டு வையுங்கள்.

கடைசியாக, இந்த ஐந்து கேள்வியையும் தீர்மான நோட்டில் எழுதிப் பக்கத்தில் பதிலை எழுதுங்கள்:

1. வருஷத்துக்கு எத்தனை நடை நிச்சயம் ஓடும்?
2. எஞ்சினில் என்ன கோளாறு, அதிகபட்சம் எவ்வளவு ஆகும் என்று நம் மெக்கானிக் எழுதிக் கொடுத்தாரா?
3. சேஸிஸ், பிரேக், முன் ஆக்சில் மூன்றும் சரியா?
4. ஆர்.சி., இன்சூரன்ஸ், பைனான்ஸ் பாக்கி எல்லாம் நம் கண்ணால் பார்த்தோமா?
5. எல்லாச் செலவும் சேர்த்து, ஓடுகிற வண்டியை விடக் குறைவாக வருகிறதா?

ஐந்துக்கும் நல்ல பதில் இருந்தால், எஞ்சின் கோளாறு என்று பயப்படாமல் வாங்குங்கள். விலை குறைத்துக் கேட்க அந்தக் கோளாறே நமக்குத் துணை நிற்கும். மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒன்று சரியில்லை என்றாலும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் குழுவில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கணக்கை எல்லோரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.